வரவும் செலவும்: ஜூபிலி ஆண்டில் ஒரு கணக்கு

(நமது பங்கின் ஜூபிலி ஆண்டுக் குடும்ப தினக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சாமியார் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறார் என்றதும், நன்கொடைக்குத்தான் அடிபோடுகிறார் என்று பின்வரிசையில் இரண்டொருவர் எழுந்திருக்கப் பார்ப்பது நம் கண்ணில் படாமல் இல்லை. தயவுசெய்து அமருங்கள். இன்று உண்டியல் சுற்றி வராது. அதற்கு வேறு ஞாயிறுகள் இருக்கின்றன.

ஜூபிலி என்றால் நமக்குத் தேர், தோரணம், ஒலிபெருக்கி, மலர் வெளியீடு என்றுதான் நினைவு ஓடுகிறது. ஆனால் இந்தச் சொல் பிறந்த இடம் வேறு. எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் சொல் அது. லேவியர் நூலின் 25ம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பை ஊதியதும், வறுமையால் விற்ற நிலம் விற்றவனுக்கே திரும்ப வேண்டும். பிழைக்க வழியின்றித் தன்னையே விற்றுக்கொண்டவன் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். ஆகவே முதல் ஜூபிலி கடன் ஏட்டைப் பற்றியது. வாணவேடிக்கை பிற்பாடு நாம் சேர்த்துக்கொண்டது.

இந்தப் பொருளை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டு ஜூபிலியை முன்னிட்டு வீடு வீடாக மந்திரிக்க வந்தோம். பல வீடுகளில் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் சில அட்டைகள் செருகியிருந்தன. அவை செபமாலை சபையின் அட்டைகள் அல்ல. வாரத் தவணை அட்டைகள். ஒரு வீட்டில் மூன்று, இன்னொரு வீட்டில் ஐந்து. ஒரு தாய் நம்மைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய், 'இதில் இரண்டு அவருக்குத் தெரியாது சாமி' என்றார். அதே வாரம் வேறொரு வீட்டில், கணவர் நம்மைத் தெருமுனைவரை வழியனுப்ப வந்து, 'நகையை மறுபடியும் வைத்துவிட்டேன், அவளுக்குத் தெரியாது' என்றார். ஒரே கூரையின் கீழ் ஒருவர் கணக்கை ஒருவர் அறியாமல் எத்தனை குடும்பங்கள் இரவு தூங்குகின்றன!

கணக்குக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இப்படி நடக்கிறது என்பதுதான் வேதனை. நம் செட்டிநாட்டு நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், முதலாளி இங்கே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் முகவர். மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். குறிப்பேடு, பேரேடு, கடைசியில் ஐந்தொகை என்று ஒவ்வொரு காசும் எழுத்தில் நிற்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் முதலில் கற்றது இந்த எழுத்தைத்தான். வீட்டிலும் அப்படியே. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்து' விடுவார்கள். அதே பெரிய வீட்டுக்குள் அவனுக்குத் தனி அடுப்பு. ஆண்டுக்கு இன்ன அளவு அரிசி, இவ்வளவு பணம் என்று ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். இளந்தம்பதிகள் அந்த அளவுக்குள் குடித்தனம் நடத்திப் பழக வேண்டும். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பகுதியைத் தருமத்துக்கு முன்னதாகவே எடுத்து வைத்தார்கள். மிஞ்சினால் கொடுப்போம் என்று காத்திருக்கவில்லை.

இவ்வளவு கணக்குப் பார்த்தவர்களுக்கும் ஒரு காலம் வந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. கீழ்ப் பர்மாவில் காடு திருத்தி நெல் விளைவித்த குடியானவர்களுக்கு நிலத்தின்பேரில் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்தார். 1930ஐ ஒட்டி உலகெங்கும் விலைவாசி சரிந்தது. நெல்விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. குடியானவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. கொடுத்தவருக்கு வேண்டியது பணம், கிடைத்ததோ நிலம். 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு விளைநிலமே செட்டியார்கள் கையில் இருந்தது. 1937ல் அது ஏறக்குறைய 25 பங்கு. நிலமிழந்தவன் கசந்துபோனான். நிலம் பெற்றவருக்கும் அது நிலைக்கவில்லை. 1942ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது கால்நடையாக ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். 1948ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. பேரேட்டில் சொத்தாக இருந்தது வெறும் எழுத்தாகிவிட்டது. அந்தப் பெரிய வீடுகளில் சில பூட்டிக் கிடப்பதற்கும், தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்கு வந்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

பழைய ஏற்பாட்டிலும் இதே கதை இருக்கிறது. யோசேப்பு எகிப்தில் செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளில் எடுத்துக் கொடுத்தார். இதுவரை எல்லாச் சாமியார்களும் சொல்வோம். தொடக்கநூல் 47ம் அதிகாரத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடுமாடுகளை, பிறகு நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்குக் கொடுத்தார்கள். களஞ்சியம் நிறைந்திருந்தது உண்மை. ஆனால் அது யாருடைய களஞ்சியம்? குடியானவன் வீட்டுக் குதிரில் நல்ல காலத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால், கெட்ட காலத்தில் நிலம் கைமாறியிருக்காது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். நம் பங்கில் கொத்தனார் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள் பலர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இராது. இது ஆண்டுதோறும் வருகிற பஞ்சம். முன்னறிவிக்க யோசேப்பு தேவையில்லை. ஆனால் மாசி, பங்குனியில் கை நிறையக் கூலி வரும்போது மழைமாதம் நினைவில் இருப்பதில்லை. மழை தொடங்கியதும் அட்டை வருகிறது.

'நூற்றுக்கு மூன்று வட்டிதானே சாமி' என்கிறார்கள். மூன்று என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கிறது. அது மாத வட்டி. ஆண்டுக்கு முப்பத்தாறு. 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,500. மூன்று ஆண்டு ஒழுங்காக வட்டி மட்டும் கட்டினால் கட்டிய தொகை 54,000. வாங்கியதைவிட அதிகம் கொடுத்தாயிற்று. வாங்கிய 50,000 அப்படியே நிற்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் சட்டம் காவல் நிலையத்தில் இருக்கிறது. அட்டை வீட்டில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாதவனிடம் சிக்கனத்தைப் பற்றி உபதேசிப்பது எளிது. அதைப்போல் மனம் நோகச் செய்வதும் வேறில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்கியவரிடம் போய் ஆடம்பரத்தைக் குறையுங்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. பல வீடுகளில் செலவு பெரிதல்ல, வரவுதான் சிறிது. எனினும் பிள்ளையின் புதுநன்மைக்கு ஐந்நூறு பேருக்குப் பிரியாணி, சடங்குக்குத் தெருவடைத்துப் பந்தல், ஆளுயர விளம்பரப் பதாகை என்று கடன் வாங்கியவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று நாம் சொல்லப் போவதில்லை. அந்தப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் நாமும் ஒருவர்.

மொய் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். நமக்கு வடக்கே பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து, ஊரார் பணத்தைத் திரட்டித் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. வட்டியில்லாத கடன். ஏழைகள் தாங்களே கண்டுபிடித்த வங்கி என்றே நாம் அதைச் சொல்வோம். ஆனால் மொய் நோட்டில் நூறு பெயர் எழுதினால் நூறு வீட்டுக்குத் திரும்பச் செய்ய வேண்டும். அது வரவுப் பக்கத்தில் எழுதும் தொகையல்ல, கடன் பக்கத்தில் எழுத வேண்டியது. மொய்ப் பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிய தம்பிமார்களுக்கு இது கொஞ்சம் பிந்திப் புரிகிறது.

அரசர்கள் இரண்டாம் நூல் 4ம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கடன் கொடுத்தவன் அவள் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எலிசா முதலில் கேட்ட கேள்வி: வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு கலயம் எண்ணெய் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். அக்கம்பக்கத்தில் பாத்திரம் இரவல் வாங்கச் சொல்கிறார், எண்ணெய் பெருகுகிறது. பிறகு அவர் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்க வேண்டும். மீதியைக் கொண்டு பிழைக்க வேண்டும். புதுமை நடப்பதற்கு முன்னால் இருப்பு எண்ணப்பட்டது. புதுமை நடந்தபின் கடன் தீர்ந்தது. நாமோ இருப்பை எண்ணாமல் புதுமைக்கு நவநாள் செய்கிறோம்.

இனி அரசாங்கத்துக்கு வருவோம். 'வீட்டுக்குச் சொல்கிறீர்களே, அரசாங்கம் கடன் வாங்கவில்லையா?' என்று நம் இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26ல் படித்தவர் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார். நம் பக்கத்துக் கண்டனூரில் பிறந்து, நம் சிவகங்கைத் தொகுதியிலிருந்து சென்ற ப. சிதம்பரம் ஒன்பது முறை அதைப் படித்தார். ஆகவே இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல.

வீடும் அரசாங்கமும் முழுக்க ஒன்றல்ல. வீட்டுத் தலைவருக்கு வயதாகும், அரசாங்கத்துக்கு வயதாவதில்லை. வீடு வரி விதிக்க முடியாது; அரசாங்கம் முடியும். மேலும், கெட்ட காலத்தில் எல்லா வீடும் செலவைச் சுருக்கினால் கடைக்காரர், தச்சர், தையற்காரர் எல்லோருக்கும் வரவு நின்றுபோகும். அப்போது அரசாங்கமும் பெட்டியைப் பூட்டினால் பட்டினிதான். 2020ல் கொரோனாவில் உலகமே முடங்கியபோது அரசுகள் கடன் வாங்கியாவது ரேஷன் கொடுத்தது சரியே. 2020-21ல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதம் வரை போயிற்று. 2025-26 திட்டத்தில் அதை 4.4 சதவீதமாகக் குறைக்கக் குறி வைத்தார்கள். பஞ்சத்தில் திறந்த களஞ்சியத்தை நல்ல காலத்தில் நிரப்ப வேண்டும் அல்லவா? முதல் பாதியை எல்லா அரசும் விருப்பத்தோடு செய்கின்றன; இரண்டாம் பாதிக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை.

வட்டி என்று வந்துவிட்டால் வீட்டுக்கும் நாட்டுக்கும் வித்தியாசம் குறைவு. 2025-26ம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில், அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடனாக வருவது. செலவாகும் ரூபாயில் 20 காசு பழைய கடனுக்கு வட்டி. அதாவது புதிதாக வாங்குவதில் பெரும்பங்கு பழைய வட்டிக்கே போகிறது. நம் தாய்மார்கள் ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. நம் மாநிலத்தைப் பற்றி 2021 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை, அரசின் கடனைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் என்றது. நம் வீட்டு அட்டைகளில் இந்த அட்டை இல்லாததால் நாம் பார்ப்பதில்லை.

இதனால் அரசாங்கம் ஏழைகளுக்குச் செலவிடுவதெல்லாம் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கினார், 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். கணக்குப் புத்தகத்தில் அது அன்றாடச் செலவு. ஆனால் அந்தத் தட்டில் சாப்பிட்டுப் படித்து ஆசிரியரானவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அதை விதைநெல் என்றுதான் நாம் சொல்வோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948ல் நேரு வந்து இங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதுவும் செலவுதான். ஆகவே எவ்வளவு செலவு என்பதோடு, எதற்குச் செலவு, அது ஏட்டில் தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும். சுவரொட்டிக்கும் சிலைக்கும் கடன் வாங்குவது வேறு.

1991ல் நாம் குருமடத்தில் இருந்தோம். நாட்டில் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியில் ஈடு வைத்தது. பத்திரிகையில் அதைப் படித்த வயதான பேராசிரியச் சாமியார் ஒருவர் அன்று உணவறையில் பேசவே இல்லை. தாய் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்த பிள்ளைபோல் இருந்தார். அந்தத் தங்கம் பின்னர் மீட்கப்பட்டது. 2009ல் இந்தியாவே பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் வாங்கியது. அடகுக்குப் போன நகை திரும்பி வரவும் செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

திரும்பாமற்போனதையும் பார்த்தோம். இலங்கையில் 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். மக்கள் மகிழ்ந்தார்கள், வரி குறைந்தால் யார்தான் மகிழமாட்டார்கள்? அடுத்து கொரோனா வந்து சுற்றுலா வரவும் நின்றது. 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசே அறிவித்தது. அதற்கு முந்திய மார்ச்சிலேயே, பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல், கைக்குழந்தைகளோடு தமிழ்க் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கின. அது நம் மறைமாவட்டத்துக் கடற்கரை. கொழும்பில் எழுதப்பட்ட கணக்கின் மிச்சம் மண்டபம் முகாமில் வந்து நின்றது. வரவு செலவுத் திட்டம் பெரியவர்கள் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிட முடியாது.

இதனால்தான் திருச்சபை கடனைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறது. 2000ம் ஆண்டு ஜூபிலிக்கு முன்னதாக இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரும், 2025ம் ஆண்டு ஜூபிலியை அறிவித்த மடலில் பிரான்சிஸ் பாப்பரசரும், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளவும் குறைக்கவும் வேண்டினார்கள். கடன் கொடுத்தவனுக்கும் கடமை உண்டு என்பது லேவியர் நூலிலிருந்தே வருகிற போதனை.

நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், வேறொரு பங்கில், சமூகக்கூடம் ஒன்று கட்டத் தொடங்கினோம். கையில் இருந்த பணம் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும்தான் போதும். கூரையை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மேடையில் முழங்கினோம். லூக்கா 14ம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் புகுந்து முடிக்காமல் நகைப்புக்கு இடமானவனைப் பற்றி அதே ஆண்டு மறையுரையும் ஆற்றினோம். நம்மைப் பற்றித்தான் என்று நமக்கு உறைக்கவில்லை. நான்கு மழைக்காலம் அந்தச் சுவர் நனைந்தது. கம்பி துருவேறியது. உள்ளே எருக்கு முளைத்தது. சிமெண்டுக் கடைக்காரர் திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு வந்த சாமியார்தான் கடனையும் அடைத்துக் கூரையும் போட்டார்.

அந்தப் பாடத்தோடுதான் இந்த ஜூபிலிக் கணக்கில் உட்கார்ந்தோம். பங்குப் பேரவை போட்ட முதல் மதிப்பீட்டில் நிரந்தரத் தோரணவாயில் ஒன்றும், இரண்டு இரவு இன்னிசைக் கச்சேரியும் இருந்தன. வரவு மதிப்பீட்டில் 'வெளிநாட்டில் வாழும் பங்குமக்கள் தருவது' என்று ஒரு பெருந்தொகை. யார், எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. நிதிக்குழுவில் காரசாரமாகவே பேச்சு நடந்தது. தோரணவாயில் போயிற்று, ஒரு கச்சேரி போயிற்று. சில இளைஞர்களுக்கு நம்மேல் இன்னும் வருத்தம் உண்டு. முன்னூறு மீட்டர் தள்ளிப் பக்கத்துக் கோயிலுக்கு வாயில் இருக்கிறதே என்கிறார்கள்.

மீதமான பணத்தை வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் தனிக் கணக்காக ஒப்படைத்திருக்கிறோம். மூன்று வட்டியில் அகப்பட்ட குடும்பம், கணவன் மனைவி இருவருமாக வந்து எல்லா அட்டைகளையும் மேசைமேல் வைத்தால், முதலை ஒரே தடவையாகச் சபை அடைத்துவிடும். குடும்பம் அதை வட்டியில்லாமல் மாதாமாதம் சபைக்குத் திருப்ப வேண்டும். இதுவரை நான்கு குடும்பங்கள் வெளியே வந்திருக்கின்றன. ஒரு குடும்பம் மூன்று மாதமாகக் கட்டவில்லை. ஏன் என்று நமக்குத் தெரியும், அது அவர்கள் தவறல்ல. ஒருவர் தனியாக வந்தால் சபையார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்கொருவர் மறைத்த அட்டை இருக்கும்வரை எந்தத் தொகையும் போதாது என்பது முதல் இரண்டு குடும்பங்களிலேயே தெரிந்துவிட்டது.

ஜூபிலியின் வரவு செலவு முழுவதும் எழுதி ஆலயத்தின் பின்கதவருகே பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பென்சிலால் திருத்த விரும்புகிறவர்கள் தாராளமாகத் திருத்தலாம், பெயர் எழுதுங்கள். வின்சென்ட் சபையார் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பழைய மறைக்கல்வி அறையில் இருப்பார்கள். பந்தல்காரருக்கு மட்டும் இன்னும் 8,500 ரூபாய் பாக்கி இருக்கிறது. அவரும் இன்று இந்தக் கூட்டத்தில் நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். வரும் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுகிறோம்.